மாக்னா கார்ட்டா: பணம் கேட்ட மன்னரும் நிபந்தனை விதித்த பிரபுக்களும்

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு 'மகாசாசனம்' என்ற சொல் புதிதன்று. 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை இந்தியக் கல்வியின் மகாசாசனம் என்றும், 1858ஆம் ஆண்டு வெளியான விக்டோரியா மகாராணியின் பிரகடனம் இந்திய மக்களின் மகாசாசனம் என்றும் பாடநூல்களில் வரும். ஒரு மதிப்பெண் வினாவாகவும் வரும். எந்த மகாசாசனத்தை மனத்தில் கொண்டு இந்தப் பட்டப்பெயர்கள் சூட்டப்பட்டன என்பதைத்தான் நாம் பெரும்பாலும் கேட்காமல் கடந்துவிடுகிறோம். அது 1215ஆம் ஆண்டு ஜூன் மாதம், தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்னும் புல்வெளியில், இங்கிலாந்தின் மன்னர் ஜானுக்கும் அவருக்கு எதிராக ஆயுதம் ஏந்திய பிரபுக்களுக்கும் இடையே உண்டான ஓர் உடன்படிக்கை. மாக்னா கார்ட்டா என்னும் இலத்தீன் பெயருக்குப் 'பெரிய சாசனம்' என்பதே நேர்ப்பொருள். ஆனால், 1215இல் அதற்கு அந்தப் பெயரே கிடையாது. பெயர் வந்த கதை பின்னால் வருகிறது.

இந்தச் சாசனத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகச் சுதந்திரத்திலிருந்து தொடங்குவார்கள். பணத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் எண்ணம். அது பிறந்தது பணத்தகராறில். பிழைத்துக் கிடந்ததும், அடுத்தடுத்து வந்த மன்னர்களுக்குப் பணம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்ததால்தான்.

நிலமும் கேடயப் பணமும்

அக்கால இங்கிலாந்தில் நடைமுறையிலிருந்தது நிலமானிய முறை. நாட்டின் நிலம் அனைத்தும் கோட்பாட்டளவில் மன்னருடையது. அவரிடமிருந்து பெரும் பிரபுக்கள் நிலம் பெற்றார்கள். அதற்கு ஈடாகப் போர்க்காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் குதிரை வீரர்களை அனுப்பக் கடமைப்பட்டிருந்தார்கள். வீரர்களை அனுப்ப இயலாதவர்கள் பணமாகச் செலுத்தலாம். அந்தத் தொகைக்குக் கேடயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயர் வந்ததால், நாம் அதைக் கேடயப் பணம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது தவிர, பிரபு ஒருவர் இறந்தால் அவருடைய மகன் தந்தையின் நிலத்தை அடைவதற்கு மன்னருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். மகன் சிறுவனாக இருந்தால், அவன் வயதுக்கு வரும்வரை நிலத்தின் வருமானம் மன்னரைச் சேரும். கணவனை இழந்த பிரபுவின் மனைவி யாரை மறுமணம் செய்ய வேண்டும் என்பதும் மன்னரின் கையில் இருந்தது. அந்த உரிமையை அவர் விலைக்கு விற்கவும் செய்தார்.

இவற்றில் எதுவும் ஜான் கண்டுபிடித்ததன்று. அவருடைய தந்தை இரண்டாம் ஹென்றியும் அண்ணன் முதலாம் ரிச்சர்டும் இதே வழிகளில்தான் கருவூலத்தை நிரப்பினார்கள். சிக்கல் எங்கே இருந்ததென்றால், வழக்கம் இருந்தது, ஆனால் அளவு இல்லை. எவ்வளவு கேட்கலாம், எத்தனை முறை கேட்கலாம் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஜான் அந்த இடைவெளிக்குள் புகுந்து, எட்டிய வரைக்கும் கையை நீட்டினார்.

அவருக்கு அந்த அவசரம் வந்ததற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்து மன்னர்கள் அந்நாளில் பிரான்சிலும் பெரும் நிலப்பரப்பை ஆண்டுவந்தார்கள். 1204இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் நார்மண்டியை ஜானிடமிருந்து பறித்துக்கொண்டார். இழந்ததை மீட்பதற்குப் போர், போருக்குப் பணம் என்று அடுத்த பத்து ஆண்டுகள் கழிந்தன. தம் 17 ஆண்டு ஆட்சிக்காலத்தில் ஜான் 11 முறை கேடயப் பணம் வசூலித்தார். நிக்கோலஸ் டி ஸ்டூட்வில் என்பவர் குடும்ப நிலத்துக்கு வாரிசானபோது, அவர் தலையில் 10,000 மார்க் கட்டப்பட்டது. ஜெஃப்ரி டி மாண்ட்வில் என்ற பிரபு, மன்னரே முன்னர் மணந்து விலக்கிய குளூஸ்டர் சீமாட்டி இசபெல்லாவை மணப்பதற்கு 20,000 மார்க் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மார்க் என்பது நாணயமன்று, கணக்கு வழக்கில் மட்டும் புழங்கிய அலகு. 160 வெள்ளிப் பென்னிகள் சேர்ந்தது ஒரு மார்க். அந்தக் கணக்குப்படி ஒரு திருமணத்துக்கு 32 இலட்சம் வெள்ளிக் காசுகள். இவ்வளவு பெரிய கடனை யாராலும் எளிதில் தீர்க்க முடியாது. ஜானுக்கு வேண்டியதும் அதுவாகவே இருந்திருக்கலாம்: கடன்பட்டவன் அடங்கி நடப்பான், அடங்காவிட்டால் கடனைக் காரணம் காட்டி நிலத்தைப் பறிக்கலாம். இதே ஜெஃப்ரி பின்னர் மன்னருக்கு எதிரான அணியின் முன்வரிசையில் நின்றார்.

பணம் மட்டுமே கசப்பை உண்டாக்கவில்லை. வில்லியம் டி பிரயோஸ் என்ற செல்வாக்குமிக்க பிரபு மன்னரோடு பகைத்துக்கொண்டு நாட்டைவிட்டு ஓடியபின், 1210இல் அவருடைய மனைவி மட்டில்டாவும் மூத்த மகனும் ஜானின் சிறையில் பட்டினியால் இறந்தார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. மகாசாசனத்தின் மிகப் புகழ்பெற்ற பிரிவைப் படிக்கும்போது இந்தச் சாவுகளை நினைவில் வைத்திருந்தால், அதன் சொற்கள் யாருடைய அச்சத்திலிருந்து எழுந்தன என்பது விளங்கும்.

திருச்சபையோடும் மன்னர் மோதினார். காண்டர்பரி பேராயராக ஸ்டீபன் லாங்டனைப் போப் மூன்றாம் இன்னொசென்ட் நியமித்ததை ஏற்க மறுத்ததால், 1208 முதல் 1214 வரை இங்கிலாந்தின் தேவாலயங்களில் வழிபாடுகள் நிறுத்தப்பட்டிருந்தன. கடைசியில் 1213இல் ஜான் பணிந்து, நாட்டையே போப்பிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு 1,000 மார்க் கப்பம் கட்டும் சிற்றரசராகத் தம்மை ஆக்கிக்கொண்டார். தோல்விபோலத் தெரியும் இந்தச் செயல் பின்னர் அவருக்குப் பெரிய ஆயுதமாயிற்று. விவிலியத்தை இன்று நாம் பார்க்கும் அதிகாரங்களாகப் பிரித்தவர் என்று பெரும்பாலும் கருதப்படும் லாங்டன், பிரபுக்களுக்கும் மன்னருக்கும் இடையே தூது நடந்து சாசனம் உருவாகத் துணைநின்றார்.

ரன்னிமீட்

1214 ஜூலை 27ஆம் நாள், பூவின் என்னுமிடத்தில் ஜானின் கூட்டணிப் படைகள் பிரெஞ்சுக்காரர்களிடம் படுதோல்வி அடைந்தன. பத்தாண்டுகளாகக் கறந்த பணம் அத்தனையும் ஒரே நாளில் வீணானது. தோற்றுத் திரும்பிய மன்னர் அந்தப் போருக்கான கேடயப் பணத்தையும் கேட்டபோது, வடபகுதிப் பிரபுக்கள் பலர் தர மறுத்தார்கள். 1215 மே மாதத் தொடக்கத்தில் அவர்கள் மன்னருக்குத் தாங்கள் செய்திருந்த விசுவாச உறுதிமொழியைத் துறந்தார்கள். ராபர்ட் ஃபிட்ஸ்வால்டர் அவர்களுக்குத் தளபதியானார். மே 17 அன்று இலண்டன் நகரம் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டது. தலைநகரமும் அதன் செல்வமும் எதிரியின் கைக்குப் போனபின் மன்னருக்குப் பேச்சுவார்த்தையைத் தவிர வேறு வழி இல்லை.

மன்னர் வின்சர் கோட்டையில் இருந்தார். பிரபுக்கள் ஸ்டெயின்ஸ் ஊர்ப்பக்கம் முகாமிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆற்றோரப் புல்வெளிதான் ரன்னிமீட். சாசனத்தின் கடைசி வரி இதைத் தெளிவாகவே சொல்கிறது: வின்சருக்கும் ஸ்டெயின்ஸுக்கும் இடையே ரன்னிமீட் எனப்படும் புல்வெளியில், நம் ஆட்சியின் பதினேழாம் ஆண்டு, ஜூன் பதினைந்தாம் நாள், நம் கையால் அளிக்கப்பட்டது.

'கையால் அளிக்கப்பட்டது' என்பதற்காக, மன்னர் இறகுப் பேனாவால் கையெழுத்திட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. அக்கால மன்னர்கள் சாசனங்களில் கையொப்பம் இடுவதில்லை; ஓர் அலுவலர் அரச முத்திரையை மெழுகில் பதித்துத் தொங்கவிடுவார். பழைய ஓவியங்களில் தொடங்கிய இந்தப் பிழை, 800ஆவது ஆண்டு நினைவாக 2015இல் பிரிட்டன் வெளியிட்ட இரண்டு பவுண்டு நாணயத்தில் ஜான் கையில் இறகோடு நிற்பதுவரை தொடர்ந்தது.

ஆவணம் பார்வைக்கு மிகச் சாதாரணமானது. ஒற்றை ஆட்டுத்தோல், அதில் ஓர வெளி அதிகம் விடாமல் நெருக்கி எழுதப்பட்ட ஏறத்தாழ 3,500 இலத்தீன் சொற்கள், பாதிச் சொற்களுக்குச் சுருக்கக் குறிகள். பத்தி பிரிப்பதோ எண்ணிடுவதோ இல்லை. நாம் இன்று '39ஆம் பிரிவு' என்று சொல்லும்போது, 1759இல் வில்லியம் பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞர் தம் பதிப்பில் வகுத்த வரிசையையே பின்பற்றுகிறோம். அவ்வாறு பிரித்தால் மொத்தம் 63 பிரிவுகள் வரும். நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்ட 1215ஆம் ஆண்டுப் படிகளில் இன்று நான்கே எஞ்சியுள்ளன: இரண்டு பிரிட்டிஷ் நூலகத்தில், ஒன்று லிங்கனில், ஒன்று சாலிஸ்பரி பேராலயத்தில். நூலகப் படிகளுள் ஒன்று 1731இல் நேர்ந்த தீ விபத்தில் சிதைந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

மானுட உரிமைகளின் முழக்கத்தை எதிர்பார்த்து முதன்முதலாக இதைப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். திருச்சபையின் சுதந்திரத்தை உறுதிசெய்து தொடங்கும் சாசனம், இரண்டாவது பிரிவிலேயே பணக்கணக்குக்கு வந்துவிடுகிறது: பிரபுவின் வாரிசு 100 பவுண்டும், குதிரை வீரரின் வாரிசு அதிகபட்சம் 100 ஷில்லிங்கும் கட்டினால் போதும். அளவில்லாமல் கிடந்த வழக்கத்துக்கு இங்கே அளவு விதிக்கப்படுகிறது. ஸ்டூட்வில்லிடம் கேட்ட 10,000 மார்க்கோடு, அதாவது 6,666 பவுண்டுக்கும் மேலான தொகையோடு, இந்த 100 பவுண்டை ஒப்பிட்டுப் பார்த்தால் பிரபுக்களின் கோபம் புரியும். கணவனை இழந்த பெண், தனித்து வாழ விரும்பும்வரை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தப்பட மாட்டாள் என்கிறது எட்டாவது பிரிவு. ஆனால், மணம் செய்வதானால் மன்னரின் இசைவு வேண்டும் என்ற வாலும் அதே பிரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டாவது பிரிவு, கேடயப் பணமும் பிற உதவித்தொகைகளும் 'நாட்டின் பொது ஆலோசனை' இல்லாமல் விதிக்கப்படமாட்டா என்கிறது. அந்த ஆலோசனைக்கு யாரை, எப்படி, எத்தனை நாள் முன்னறிவிப்போடு அழைக்க வேண்டும் என்பதைப் பதினான்காவது பிரிவு விளக்குகிறது. அழைக்கப்படுபவர்கள் பேராயர்களும் ஆயர்களும் பிரபுக்களும் மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர்களும்தான். குடிமக்களின் பிரதிநிதிகள் அல்லர். இதைப் பாராளுமன்றம் என்று சொல்லிவிட முடியாது, விதை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இவற்றுக்கு நடுவே அன்றாட வாழ்க்கை எட்டிப்பார்க்கிறது. தேம்ஸிலும் மெட்வேயிலும் படகுப் போக்குவரத்துக்குத் தடையாக நிற்கும் மீன்பிடி அடைப்புகளை அகற்ற வேண்டும். ஒயினுக்கும் ஏல் என்னும் தானிய மதுவுக்கும் தானியத்துக்கும் நாடெங்கும் ஒரே அளவை இருக்க வேண்டும். தானியத்துக்கு இலண்டன் படியே அளவு. மன்னரின் அலுவலர்கள் எவருடைய தானியத்தையும் உடனே பணம் கொடுக்காமல் எடுக்கக் கூடாது. அரண்மனைக்காகச் சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுப் பிறகு பார்க்கலாம் என்று சொன்ன எத்தனையோ அதிகாரிகள் இந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

இருபதாவது பிரிவு சற்று நின்று பார்க்கத்தக்கது. தண்டத்தொகை குற்றத்தின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய தண்டமானாலும் மனிதனின் பிழைப்பையே அழித்துவிடக் கூடாது. வணிகனுக்கு அவனுடைய சரக்கை விட்டுவைக்க வேண்டும், பண்ணையாளுக்கு அவனுடைய உழவுச் சாதனங்களை விட்டுவைக்க வேண்டும். நிலத்தோடு கட்டுண்டு, பிரபுவின் இசைவின்றி ஊரைவிட்டுப் போக முடியாத இந்தப் பண்ணையாட்கள்தாம் அன்றைய மக்கள்தொகையில் மிகப் பெரும் பகுதியினர்; சாசனம் அவர்களைப் பெயர்சொல்லிக் காக்கும் அரிய இடம் இது. அதுவும் பண்ணையாளின் ஏர் போனால் பிரபுவின் நிலம் தரிசாகும் என்ற கணக்கோடு எழுதப்பட்டதாக இருக்கலாம். தமிழ்த் திரைப்படம் நமக்குப் பழக்கிய 'வில்லன்' என்ற சொல், இந்தப் பண்ணையாட்களைக் குறித்த அதே சொல்லிலிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. உழைத்தவனின் பெயர் கெட்டவனின் பெயராக மாறியதற்கு, மேலிருந்து பார்த்தவர்களே மொழியையும் கையில் வைத்திருந்தது காரணம்.

இனி, 39ஆம் பிரிவு. அதன் கருத்து இது: சுதந்திர மனிதர் எவரும், தமக்கு ஒப்பானவர்களின் சட்டப்படியான தீர்ப்பினாலோ நாட்டின் சட்டத்தினாலோ அன்றி, கைது செய்யப்படவோ, சிறையிலடைக்கப்படவோ, உடைமை பறிக்கப்படவோ, சட்டத்தின் காப்புக்கு வெளியே தள்ளப்படவோ, நாடு கடத்தப்படவோ, வேறெவ்வகையிலும் அழிக்கப்படவோ மாட்டார். அடுத்த பிரிவு ஒற்றை வரி: எவருக்கும் நாம் உரிமையையோ நீதியையோ விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம். 'விற்க மாட்டோம்' என்பது உருவகமன்று. வழக்கை விரைவுபடுத்தவும், தள்ளிப்போடவும், சாதகமாக விசாரிக்கவும் ஜானுக்குப் பணம் கொடுத்தவர்களின் கணக்கு அரசின் வருவாய்ச் சுருள்களிலேயே பதிவாகியிருந்தது.

39ஆம் பிரிவில் மூன்று சொற்றொடர்களைக் கவனிக்க வேண்டும். 'சுதந்திர மனிதர்' என்பது பண்ணையாட்களை வெளியே நிறுத்துகிறது. 'ஒப்பானவர்களின் தீர்ப்பு' என்பதை ஜூரி விசாரணை என்று பின்னாளில் பொருள்கொண்டார்கள். எழுதியவர்கள் நினைத்தது, பிரபுவைப் பிரபுக்களே விசாரிக்க வேண்டும் என்பதைத்தான். 'நாட்டின் சட்டம்' என்பது எந்தச் சட்டம் என்று விளக்கப்படவே இல்லை. போதாக்குறைக்கு, இரண்டையும் இணைக்கும் இலத்தீன் இடைச்சொல் 'அல்லது' என்றும் பொருள்படும், 'மற்றும்' என்றும் பொருள்படும். இப்படி ஒருபுறம் குறுகலாகவும் மறுபுறம் தெளிவில்லாமலும் எழுதப்பட்டதே இந்தப் பிரிவின் நீண்ட ஆயுளுக்கு உதவியது. பிற்காலத்தவர் தங்களுக்கு வேண்டிய பொருளை ஏற்றிக்கொள்ள அதில் இடம் இருந்தது.

எல்லாப் பிரிவுகளும் பெருமைக்குரியவை அல்ல. யூதர்களிடம் பெற்ற கடனைக் கடன்வாங்கியவர்களுக்குச் சாதகமாகக் குறைக்கும் பிரிவுகள் உண்டு. ஒரு பெண்ணின் குற்றச்சாட்டின்பேரில், இறந்தது அவளுடைய கணவனாக இருந்தாலன்றி, கொலைக்காக எவரையும் கைது செய்யக் கூடாது என்ற பிரிவும் உண்டு.

மன்னர் சொல் தவறினால் என்ன செய்வது? இதற்கு விடைதான் 61ஆம் பிரிவு. பிரபுக்கள் 25 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். மன்னர் மீறியதாகப் புகார் எழுந்தால் அவர்களில் நால்வர் சென்று முறையிடுவார்கள். 40 நாள்களுக்குள் குறை நீக்கப்படாவிட்டால், மன்னர், அரசி, பிள்ளைகள் ஆகியோரின் உடலுக்கு ஊறு செய்யாமல், அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றி நெருக்கடி தரலாம். மன்னரே கையளித்த சாசனத்தில், மன்னருக்கு எதிராகப் படைதிரட்டும் உரிமை! இதை எந்த மன்னரும் மனமார ஏற்க மாட்டார்.

பத்து வாரத்தில் செத்த சாசனம்

ஜானும் ஏற்கவில்லை. போப்பின் சிற்றரசர் என்ற நிலையைப் பயன்படுத்தி அவர் முறையிட, 1215 ஆகஸ்ட் 24 அன்று மூன்றாம் இன்னொசென்ட் சாசனம் செல்லாது என்று அறிவித்தார். ரன்னிமீட் நாளிலிருந்து எண்ணினால் சரியாக 70 நாள். பிரபுக்களும் தங்கள் பங்குக்கு இலண்டனைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. பிரெஞ்சு மன்னரின் மகன் லூயியைப் பிரபுக்கள் அரியணைக்கு அழைத்தார்கள். அவர் 1216 மே மாதம் படையோடு வந்திறங்கினார். சமாதானம் உண்டாக்குவதற்காக எழுதப்பட்ட ஆவணம் சில மாதங்கள்கூடச் சமாதானத்தைத் தரவில்லை. அக்டோபர் மாதம் ஜான் நியூவார்க் கோட்டையில் வயிற்றுக்கடுப்பால் இறந்திராவிட்டால், அது பழைய ஆவணக்கட்டில் மறந்துபோன ஒரு தோலாகவே கிடந்திருக்கக்கூடும்.

ஜானின் மகன் மூன்றாம் ஹென்றிக்கு அப்போது வயது 9. நாட்டில் பாதி எதிரிகளிடம், கருவூலம் காலி. சிறுவனின் காப்பாளராக ஆட்சியை நடத்திய வில்லியம் மார்ஷல் என்ற முதியவர் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்: எதிரிகள் எதற்காகப் போரிடுகிறார்களோ, அதையே மன்னரின் பெயரால் 1216 நவம்பரில் மீண்டும் வெளியிட்டார். சிறுவனுக்குத் தனி முத்திரை இல்லாததால், மார்ஷலும் போப்பின் தூதர் குவாலாவும் தத்தம் முத்திரைகளைப் பதித்தார்கள். போப் செல்லாதென்று சொன்ன சாசனத்துக்கு, ஓராண்டும் சில மாதங்களும் கழித்துப் போப்பின் தூதரே முத்திரை இட்டார். 61ஆம் பிரிவு நீக்கப்பட்டிருந்தது. கேடயப் பணத்துக்குப் பொது ஆலோசனை வேண்டும் என்ற 12ஆம் பிரிவும் காணாமல் போயிருந்தது.

1217இல் போர் முடிந்தபின் சாசனம் மறுபடியும் வெளியானது. கூடவே, மன்னரின் வேட்டைக்காடுகள் குறித்த பிரிவுகள் விரிவாக்கப்பட்டு 'காட்டுச் சாசனம்' என்று தனியாக வந்தது. மன்னரின் மானைக் கொன்றதற்காக எவரும் இனி உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்று அது சொன்னது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்த எளியவர்களுக்கு, மகாசாசனத்தைவிட இதுவே நேரடியாகப் பயன்பட்டது. இந்தச் சிறிய சாசனத்திலிருந்து வேறுபடுத்துவதற்காகத்தான் மற்றதைப் 'பெரிய சாசனம்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். பெயர் வந்தது அளவால், பெருமையால் அன்று.

1225ஆம் ஆண்டுதான் உண்மையான திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். பிரெஞ்சுப் போருக்கு மூன்றாம் ஹென்றிக்குப் பணம் தேவைப்பட்டது. அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகத் தர நாடு இசைந்தது. பதிலுக்கு மன்னர் சாசனத்தைத் தம் சொந்த விருப்பத்தின்பேரில் மீண்டும் அளித்தார். கத்திமுனையில் வாங்கியது என்ற பழைய குற்றச்சாட்டு இத்தோடு ஒழிந்தது. அதைவிட முக்கியமாக, வரிக்கு இசைவு வேண்டும் என்ற பிரிவு எழுத்திலிருந்து நீங்கியிருந்தாலும், பணம் வேண்டுமென்றால் கேட்டுத்தான் பெற வேண்டும், கேட்கும்போது குறைகளையும் கேட்டாக வேண்டும் என்பது நடைமுறையாகிவிட்டது. 1297இல் முதலாம் எட்வர்ட் போர்ச்செலவுக்குப் பணம் கேட்டு நெருக்கியபோது, அதே பேரம் மறுபடியும் நடந்தது. சாசனம் நாட்டின் சட்டச் சுருளில் ஏறியது. பாராளுமன்றம் வளர்ந்தது பெரும்பாலும் இந்தக் கொடுக்கல்வாங்கலில்தான்.

இதே காலத்தில் பிற நாட்டு மன்னர்களும் இத்தகைய சாசனங்களை அளித்திருக்கிறார்கள். 1222இல் ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ராஸ் வெளியிட்ட 'பொன் முத்திரைச் சாசனம்' ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே, இங்கிலாந்தின் சாசனம் தனித்த அதிசயமன்று. அதை வேறுபடுத்துவது, தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப உறுதிசெய்யப்பட்டது என்பதே.

1354இல் மூன்றாம் எட்வர்டின் காலத்தில் ஒரு சட்டம், 'சுதந்திர மனிதர்' என்றிருந்த இடத்தில் 'எந்த நிலையில் உள்ள எவரும்' என்று எழுதியது. 'முறையான சட்ட நடைமுறை' என்ற தொடரையும் சேர்த்தது. 1215இல் வெளியே நிறுத்தப்பட்ட பண்ணையாளுக்கு, எழுத்தளவிலேனும், கதவு திறந்தது அப்போதுதான்.

எட்வர்ட் கோக் முதல் ஏ.கே. கோபாலன் வரை

அதன்பின் நெடுங்காலம் சாசனம் பேச்சில் அடிபடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அதைத் தட்டி எழுப்பியவர், முதலாம் ஜேம்ஸ் மன்னரால் 1616இல் பதவி நீக்கப்பட்ட தலைமை நீதிபதி எட்வர்ட் கோக். முதலாம் சார்ல்ஸ் மன்னர் பாராளுமன்றத்தைக் கேளாமல் கட்டாயக் கடன் வசூலித்து, தர மறுத்தவர்களைக் காரணம் சொல்லாமலேயே சிறையில் வைத்தார். 1628இல் பாராளுமன்றம் கூடியபோது, ஏறத்தாழ 76 வயதான கோக், மகாசாசனம் தனக்கு மேல் ஓர் ஆண்டையை ஏற்காத ஆசாமி என்று அங்கே பேசினார். அவ்வாண்டின் 'உரிமை மனு', இசைவில்லாமல் வரி கூடாது, காரணமில்லாமல் சிறை கூடாது என்று மகாசாசனத்தை மேற்கோள்காட்டிக் கேட்டது. பணத்தேவையில் இருந்த மன்னர் ஒப்புக்கொண்டார். நிலப்பிரபுக்களின் பேரத்தைக் குடிமக்கள் அனைவரின் பிறப்புரிமையாகக் கோக் படித்தது வரலாற்றாய்வாகப் பார்த்தால் தவறு. அந்தத் தவறான வாசிப்பு இல்லாவிட்டால், இன்று இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆட்கொணர்வு மனுவுக்கு வலுவூட்டிய 1679ஆம் ஆண்டுச் சட்டமும் 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டமும் இதே வழியில் வந்தவை.

கோக்கின் வாசிப்பைக் கப்பலேற்றிக்கொண்டு போனவர்கள் அமெரிக்கக் குடியேறிகள். இலண்டன் தங்களைக் கேளாமல் வரி விதித்தபோது அவர்கள் எடுத்துக்காட்டிய நியாயங்களுள் இதுவும் ஒன்று. 1791இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்த ஐந்தாம் திருத்தமும் 1868இன் பதினான்காம் திருத்தமும், 'முறையான சட்ட நடைமுறை' இன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் உடைமையையும் பறிக்கக் கூடாதென்று 1354இன் தொடரையே ஏந்தி நிற்கின்றன. ரன்னிமீட் புல்வெளியில் 1957இல் நினைவு மண்டபம் எழுப்பியதும் அமெரிக்க வழக்குரைஞர் சங்கந்தான்.

இந்தியாவுக்கு வந்தபோது கதை சற்றுத் திரும்பியது. அரசமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்காவில் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். 'முறையான சட்ட நடைமுறை' என்ற தொடர் நீதிபதிகளின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைத் தரும் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். எனவே 21ஆம் உறுப்பில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்ற சொற்களே இடம்பெற்றன. வேறுபாடு நூலிழைபோலத் தோன்றும். 1950இல் சென்னை மாநிலத்தில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு அந்த நூலிழை சிறைக்கம்பியாயிற்று. 'ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி நடந்தாலே போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று ஆராய வேண்டியதில்லை என்ற பொருளில் தீர்ப்பளித்தது. 1978இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில்தான், நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 'நாட்டின் சட்டம்' என்றால் எந்தச் சட்டம் என்று 1215இல் விளக்காமல் விட்ட கேள்வியே, இங்கே மறுபடி எழுந்தது.

பிரிட்டனிலோ, சாசனத்தின் பெரும்பாலான பிரிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டிலும் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுவிட்டன. மீன்பிடி அடைப்பும் இல்லை, கேடயப் பணமும் இல்லை. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, மகாசாசனத்தின் 61ஆம் பிரிவு தங்களுக்கு விலக்கு அளிக்கிறது என்று சில கடைக்காரர்கள் வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டுக் கடையைத் திறந்தார்கள். அந்தப் பிரிவு 1216லேயே நீக்கப்பட்டது. அது ஒருபோதும் சட்டச் சுருளில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் அது 25 பிரபுக்களுக்கு உரியதே தவிர முடிதிருத்தும் கடைக்கு உரியதன்று. அபராதம் விதிக்கப்பட்டது.

1297ஆம் ஆண்டுச் சட்டமாக இன்றும் நடப்பில் உள்ளவை மிகச் சிலவே. திருச்சபையின் சுதந்திரம் ஒன்று, இலண்டன் நகரத்தின் பழைய உரிமைகள் ஒன்று. மற்றொன்று, பழைய 39ஐயும் 40ஐயும் ஒன்றாகச் சேர்த்த 29ஆம் பிரிவு. பிரிட்டனின் சட்டத் தொகுப்பைத் திறந்தால், நீதியை விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம் என்ற வரியை அதில் இன்றும் படிக்கலாம்.